விதி நான்கு

எங்கள் கழகத்து நோட்டில் நான்காம் விதி:
எவன் எந்த ஊரில் இரவு உறங்குகிறானோ
அந்த ஊருக்கே அவன் ஆட வேண்டும்.
எழுதியவர் பொருளாளர் நூகு காக்கா.
அடுத்த பக்கத்தில் ஐஸ் கடன்.

யாரைத் தடுக்க எழுதினோம் என்பது மறக்கவில்லை.
மண்டபத்திலிருந்து இரண்டு பேரைக்
காசு கொடுத்து இறக்கியிருந்தது எதிரணி, அந்த வருடம்.
விதியை வாசித்தபோது கைதட்டியவர்களில்
ரிஃபாயும் ஒருவன். நானும்.

மீன்பிடித் தடைக்காலம்தான் எங்களுக்குப் பருவம்.
விசைப்படகெல்லாம் நங்கூரம் போட்ட பிறகே
வேதாளையில் பதினோரு பேர் தேறுவோம்.
காலையில் பந்து, சாயங்காலம் சடுகுடு,
இரண்டுக்கும் அதே முழங்கால்கள்.
கோல்வலை ஒரு பழைய நண்டுவலை.
அறுந்த கண்ணிக்குப் பூவலிங்கம் முடிச்சுப் போடுவான்,
கடலுக்குப் போடுவதைவிட இறுக்கமாக.
ஜெர்சி தம்மாமிலிருந்து வந்தது,
பதினைந்தும் ஒரே அளவு,
அனுப்பியவரின் அளவு.

அதில் ஒன்பதாம் எண் ரிஃபாய்க்கு.
பதினொரு வருடம் அவன் முன்னால், நான் கோலில்.
திரும்பிப் பார்க்கமாட்டான்.
நான் உதைத்தது எங்கே விழுமென்று
அவன் கால் முதலில் போய் நிற்கும்.

தை மாதம் நிக்காஹ். பெண் மரைக்காயர்பட்டினம்.
அந்த வீட்டு வழக்கப்படி
பெட்டியோடு போக வேண்டியவன் மாப்பிள்ளைதான்.
சஹனில் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடும்போதே
நூகு காக்கா என் காதில் கேட்டார்:
"இன்னிக்கு ராத்திரி இவன் எங்கே படுப்பான்?"
"காக்கா, இதெல்லாம் கேக்குற கேள்வியா?"
"விதி நாலுக்காகக் கேட்டேன்."

ஐஸ் கம்பெனி வாசலில் கூட்டம் போட்டோம்.
வெள்ளிக்கிழமை மட்டும் உம்மா வீட்டில் வந்து படுக்கட்டும்
என்றான் ஒருவன்.
ஏழு இரவில் ஒரு இரவு என்றால்
தொண்ணூறு நிமிடத்தில் பதிமூன்று நிமிடம் ஆடலாம்,
கணக்குப் போட்டார் காக்கா.
நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.
ரிஃபாய் எழுந்து
ஜெர்சியை நாற்காலியில் வைத்தான்.
துவைத்து, மடித்து, கொண்டுவந்திருந்தான்.

வைகாசி. இறுதி ஆட்டம்.
கச்சான் மணலை வாரி என் கண்ணிலேயே போட்டது.
ஒன்றுக்கு ஒன்று. எண்பத்தெட்டாவது நிமிடம்
பூவலிங்கத்தின் கையில் பந்து.
மறைக்க ஒன்றுமில்லை, கைதான்.
உச்சிப்புளி டிரில் சார் விசிலை ஊதிவிட்டுப்
பெனால்டிப் புள்ளியைச் செருப்பால் தேடினார்.
பந்தை எடுத்துக்கொண்டு வந்தவன் ரிஃபாய்.
பச்சை ஜெர்சி. எண் பதினேழு.
அங்கே ஒன்பது வேறொருவனுடையது.

அவன் எனக்கு இடப்பக்கம் அடிப்பான், எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியுமென்று அவனுக்குத் தெரியும்.
அவனுக்குத் தெரியுமென்று எனக்கு,
போதும், நூகு காக்காவாலும் முடியாத கணக்கு.
கம்பத்துக்குப் பின்னால் எங்கள் பொடியன்கள்
அவன் உம்மாவையும் சேர்த்து ஏசினார்கள்.
அந்த உம்மா எதிர்மாடியில்தான் நின்றிருந்தார்.
யார் பக்கமென்று யாரும் கேட்கவில்லை.

இடப்பக்கமே அடித்தான்.
இடப்பக்கமே பாய்ந்தேன்.
விரல், கம்பம், வலை.
விரலா கம்பமா முதலில் என்பதில்
இன்னும் டீக்கடையில் தகராறு.

அவன் குதித்தான்.
கொஞ்சமும் கூச்சமில்லாமல் கத்திக்கொண்டு
தண்ணீர்வரை ஓடினான்.
அடக்கமாய்த் தலைகுனிந்து நின்றிருந்தால்
நான் மன்னித்திருக்கமாட்டேன்.

தடை முடிந்து முதல் டோக்கன்.
படகு பழைய படகுதான்:
அணியத்தில் அவன், பின்னால் நான்.
நாங்கள் மாறி மாறிப் படுக்கிற இந்த இடம்
எந்த ஊர்க் கணக்கில் வருமென்று
காக்காவிடம் கேட்க வேண்டும்.
நடுவிரல் இன்னும் மடங்கவில்லை.
பார்த்தான்.
"விடு" என்று கயிற்றைப் பிடுங்கிக்கொண்டான்.